சூரியன்ல கரும்புள்ளி உச்சிக்குப் போயும் என் கைகர் கவுண்டர் எண்ணிக்கை இறங்கலியே, ஏன்?

வைண்டிங்கடைக்காரன்:
வணக்கம். மணவாளக்குறிச்சி பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கேன். 2020 ஜனவரியில கதிர்வீச்ச எண்ணுத ஒரு கைகர் கவுண்டர் கிட் வாங்கிக் கோத்து, மாடி ரூம்ல வச்சேன். சூரியன்ல கரும்புள்ளி கம்மியானா விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் கூடும், பெருகினா குறையும், சுமார் 11 வருசத்துக்கு ஒரு சுத்துன்னு படிச்சதுல வந்த கிறுக்கு. 2019 டிசம்பர்ல சூரியன் அடங்கிக் கெடந்துது, 2024ல உச்சி. அப்போ என் கோடு இறங்கணும்லா? அன்னைக்கும் நிமிசத்துக்கு 85, இன்னைக்கும் 85. 2024 மே 10 சூரியப் புயல்ல லடாக் ஹான்லேயில வானமே செவந்துது. நான் விடிய விடிய முழிச்சிருந்தேன், ஒரு அசைவும் இல்ல. ஆனா மழை பெஞ்சா மட்டும் 100ஐத் தாண்டுது! "மழைய எண்ணவா இத்தன ரூவா போட்டிய?"ன்னு வீட்டுக்காரி கேக்கா. எங்க தப்பு?

கூடலூர் வாத்தியார்:
தம்பி, கிட் மேல் பழியில்லை, உங்கள் ஊர் மண்தான். கருமணலில் மோனசைட் என்ற தாது, அதற்குள் கதிர்வீசும் தோரியம். கடல் மட்டத்தில் வானத்திலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் வரும், காஸ்மிக் கதிர் மேலே காற்றில் மோதிப் பிறக்கும் துகள் அது. உங்கள் குழாய் பத்து சதுர சென்டிமீட்டர் என்றால் 85இல் பத்துதான் வானத்துடையது. மிச்சமெல்லாம் சுவரும் தரையும். மழையில் ஏறுவது ரேடானின் வாரிசுகள், அதாவது மண்ணிலிருந்து கிளம்பும் அந்தக் கதிர்வீச்சு வாயு சிதைந்து பிறப்பவை. மழையோடு இறங்கி, விட்டபின் மணிக்கணக்கில் அடங்கிவிடும்.

அந்தப் பத்திலும் சூரியன் கை வைப்பது கொஞ்சம்தான். சூரியக் காற்று காந்தப்புலத்தைச் சுமந்துகொண்டு வெளியே வீசுகிறது. சூரியன் கொந்தளிக்கும்போது அது முறுக்கேறி, உள்ளே வரும் கதிர்களைச் சிதறடிக்கிறது. அதில் அடிபடுவது ஆற்றல் குறைந்தவை. நமக்கோ, நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமியின் காந்தமே அவற்றை முன்னாலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. பின்லாந்தின் ஊலுவில் காஸ்மிக் கதிரை அளக்கும் நியூட்ரான் மானிட்டர் 1964 முதல் ஓடுகிறது. துருவத்துக்குப் பக்கம் என்பதால் அங்கே ஏற்ற இறக்கம் பளிச்சென்று தெரியும். நம் பக்கம் மியூவானில் இரண்டு சதவீதம் கிடைத்தாலே பெரிது. கணக்குப் போடுங்கள்: பத்தில் இரண்டு சதவீதம், நிமிடத்துக்கு 0.2. அதை 85க்குள் எங்கே தேடுவது?

ஊட்டியில் 560 சதுர மீட்டருக்கு மியூவான் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். நம் அட்சரேகையில் புயல்போலச் சட்டென்று வந்துபோகும் மாற்றத்தைப் பிடிக்கப் பெரிய பரப்பு வேண்டியிருக்கிறது. 2015 ஜூன் 22 புயலில் அங்கே எண்ணிக்கை இரண்டு மணி நேரம் ஏறியது! புயல் பூமியின் காந்தக் கவசத்தைத் தளர்த்திவிட்டது என்றார்கள்.

விடாதீர்கள். இன்னொரு குழாய் வாங்கி மேலும் கீழுமாக வையுங்கள், நடுவில் ஈயம். மியூவான் இரண்டையும் துளைத்துப் போகும், மண்ணின் கதிர் பெரும்பாலும் போகாது, அதனால் இரண்டும் ஒரே கணத்தில் அடித்தால் மட்டும் எண்ணுங்கள். கூடவே காற்றழுத்தமும் குறியுங்கள். அழுத்தம் ஏறினால் மியூவான் குறையும்.

பாறசாலைக்காரன்:
நானும் அதே கிட்தான் வச்சிருக்கேன் அண்ணே. கடலைவிட்டு உள்ள தள்ளி இருக்கோம், எனக்கு 30தான் காட்டுது. வாத்தியார் சொன்னது சரியாத்தான் இருக்கும்.

வைண்டிங்கடைக்காரன்:
அப்போ நாலு வருசமா எங்க வீட்டுச் செவரத்தான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். சாருக்கு நன்றி. ஈயத்துக்குப் பஞ்சமில்ல, அப்பா வலைக்குக் கோக்க வச்சிருந்த ஈயக்குண்டு ஒரு சாக்கு கெடக்கு.

வைண்டிங்கடைக்காரன் (மூணு வாரம் கழிச்சு):
ரெண்டு குழாயும் சேந்து அடிக்கது நிமிசத்துக்கு ஒண்ணரை. நேத்து ராத்திரி நல்ல மழை. கீழ்க் குழாய் தனியா 104 போச்சு, ஜோடி ஒண்ணரையிலயே நிக்குது. சார், ஒரு மாசம் சேத்தா 65,000 எண்ணம் வரும், அதுல தடுமாட்டம் 0.4 சதவீதம்னு போட்டிருக்கேன், சரிதானா? சரின்னா சூரியன் அடுத்து அடங்குத வரைக்கும் இத அணைக்கப் போறதில்ல. கரண்டு பில்லப் பத்தி வீட்டுக்காரிகிட்ட நீங்கதான் பேசணும்.