லக் வைத்த ஸ்டீல் ஃபிரேமில் கனவு சைக்கிள்: முதலில் எதை வாங்குவது?

நொய்யல்சவாரி:

வணக்கம் நண்பர்களே. 200, 300 கிலோமீட்டர் பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி) ஓட்டுவதற்கு ஒரு ஸ்டீல் சைக்கிளை முழுக்கக் கையாலேயே கட்டத் திட்டம். இருப்பது கோவை; நல்ல லேத் பட்டறையும் கேஸ் வெல்டிங் செட்டும் பக்கத்திலேயே கிடைக்கும். உயரம் 174 செ.மீ., உள்கால் அளவு 82 செ.மீ.

மனதில் இருப்பது இது: லக் (குழாய் முனைகளைச் செருகிப் பற்றவைக்கும் இணைப்புக் கூடு) வைத்து வெள்ளியில் பற்றவைத்த ஃபிரேம், பின்னால் 36 கம்பி சக்கரம், 700சி-யில் 32 மி.மீ. டயர், முழு மட்கார்டு, ஹேண்டில்பாருக்கு முன்னால் பை, புரூக்ஸ் பி17 சீட். வொயிட் இண்டஸ்ட்ரீஸ் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), கிறிஸ் கிங் ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) இரண்டையும் முதலில் வாங்கி வைத்துவிடலாமா? குழாய் ரெனால்ட்ஸ் 853 எடுத்தால் வித்தியாசம் தெரியுமா, 525 போதுமா? பற்றவைக்க வெண்காரம் போதும் என்கிறார் வெல்டர். சரியா? சக்கரத்தையும் நானே கட்டுவதாக உத்தேசம்.

அளவுகோல்:

ஹப்பையும் ஹெட்செட்டையும் இப்போது தொடாதீர்கள். டயர், மட்கார்டு, பிரேக் மூன்றையும் முடிவு செய்த பிறகுதான் ஃபிரேமை வரைய முடியும். ஃபிரேம் வரைந்த பிறகுதான் ஹெட்செட் எந்த அளவு, பின் ஹப்பின் அகலம் 130 மி.மீ.-ஆ 135-ஆ என்பதெல்லாம் தெரியவரும்.

முதலில் பிரேக். சாதாரண ரோடு காலிப்பரின் ரீச் (பிரேக் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரையிலான தூரம்) 39–49 மி.மீ. அதில் 32 டயரோடு மட்கார்டுக்கு இடமே கிடையாது. 47–57 ரீச்சில் 28 டயரும் மட்கார்டும் மூச்சுமுட்டி நிற்கும். உங்களுக்கு வேண்டியது 55–73 ரீச், இல்லையென்றால் ஃபோர்க்கிலும் சீட்ஸ்டேயிலும் (சீட்டுக்கு அடியிலிருந்து பின் ஆக்சிலுக்கு இறங்கும் குழாய்) தாங்கி பற்றவைத்த சென்டர்புல் அல்லது கேன்டிலீவர் பிரேக். ஃபோர்க் கிரவுனின் (ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் மேல் பகுதி) உள் அகலமும் இதோடு சேர்ந்ததுதான். 45 மி.மீ. மட்கார்டு நுழையாத கிரவுனை அழகுக்காக வாங்கிவிட்டு, பிறகு மட்கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது டிரெயில், அதாவது ஸ்டியரிங் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம். முன்னால் கனமான பை வைப்பதாக இருந்தால் இதை விட்டுவிடக் கூடாது. கணக்கு எளிது: சக்கர ஆரத்தை ஹெட் கோணத்தின் (தரையோடு ஹெட் டியூபின் சாய்வு) கோசைனால் பெருக்கி, ஃபோர்க் வளைவை (ஸ்டியரிங் அச்சிலிருந்து ஆக்சில் முன்னால் தள்ளி நிற்கும் தூரம்) கழித்து, கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். 700×32 டயரின் ஆரம் சுமார் 343 மி.மீ. ஹெட் கோணம் 73 டிகிரி என்றால், 45 மி.மீ. வளைவுக்கு டிரெயில் 58 வரும். அதே கோணத்தில் வளைவை 65 ஆக்கினால் 37. முன்பை வைத்து 58-ல் ஓட்டினால், மெதுவாக ஏறும்போது ஹேண்டில் பை சாயும் பக்கமே இழுக்கும். பழைய பிரெஞ்சுப் பட்டறைகள், லெவல்வா-பெரேயில் இருந்த ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்றவை, முன்பை வண்டிகளைக் குறைந்த டிரெயிலில் கட்டியது இதற்காகத்தான். பை இல்லாமல் ஓட்டும்போது 37 கொஞ்சம் துறுதுறுவென்று இருக்கும். அதற்குப் பழகிக்கொள்ளலாம்.

மற்ற அளவுகள்: 82 உள்காலுக்குச் சீட் உயரம் பிபி (கிராங்கின் அச்சு சுழலும் இடம்) மையத்திலிருந்து 72–73 செ.மீ. வரும். சீட் டியூப் 54–55 செ.மீ., பிபி டிராப் (ஆக்சில் மட்டத்துக்குக் கீழே பிபி இறங்கும் அளவு) 70 மி.மீ., செயின்ஸ்டே (பிபியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் குழாய்) 440 மி.மீ. என்று வைத்து வரையத் தொடங்குங்கள். பிபி மையத்திலிருந்து முன் ஆக்சில் வரையிலான தூரம் 590 மி.மீ.-க்குக் கீழே போகாமல் பாருங்கள். போனால் மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி மட்கார்டில் இடிக்கும்.

குழாய் விஷயம். எந்த ஸ்டீலாக இருந்தாலும் விறைப்பு ஒன்றுதான், மாறுவது வலிமை. வலிமை கூடினால் சுவரை மெலிதாக்கலாம், எடை குறையும். அவ்வளவே. 853-ன் தனிச்சிறப்பு, வெல்டிங் சூட்டிலிருந்து காற்றில் ஆறும்போது கெட்டிப்படுவது. 650 டிகிரியில் வெள்ளி ஓட்டும் லக் வேலையில் அந்தச் சிறப்புக்கு வேலை இல்லை. அரம் போடுவதுதான் கடினமாகும். 525 எடுங்கள். டபுள் பட்டட் (இரு முனையும் தடித்து நடு மெலிந்த குழாய்), சுவர் 0.8/0.5/0.8 அல்லது 0.9/0.6/0.9 மி.மீ.

லக் செட் வாங்கும்போதே குழாய் விட்டமும் முடிவாகிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். பழைய அளவு என்றால் டாப் டியூப் 25.4, டவுன் டியூப் 28.6. ஓவர்சைஸ் என்றால் 28.6, 31.8. சீட் டியூப் இரண்டிலும் 28.6. முதல் வகைக்கு 1 அங்குல ஹெட்செட், இரண்டாவதற்கு 1⅛ என்பது வழக்கம். லக்கின் கோணத்தை ஒரு டிகிரி வரை தட்டிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் வேறு லக்தான்.

கைத்துருத்தி:

வெண்காரம் தாராளமாகப் போதும். ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாக அதை வைத்துத்தானே ஊதுகிறார்கள்.

பட்டறைக்காரன்:

கைத்துருத்தி அண்ணா, பித்தளைக்குச் சரிங்க, இந்த வெள்ளிக்கு ஆகாது. நீர் போன வெண்காரம் உருகுறதே 740 டிகிரிக்குப் பக்கத்துல. 56 சதவீத வெள்ளிக்கம்பி 618-ல உருக ஆரம்பிச்சு 652-ல முழுசா ஓடிரும். வெள்ளி ஓட வேண்டிய நேரத்துல வெண்காரம் இன்னும் கட்டியா நிக்கும், குழாய் கறுத்துப் போகும். இதுக்கு ஃபுளோரைடு கலந்த வெள்ளி ஃபிளக்ஸ் பேஸ்ட்தான் (குழாய் கறுக்காம வெச்சு வெள்ளியை ஓட விடுற பசை) வேணும். அந்தப் புகை நல்லதில்லை, ஜன்னலைத் திறந்து வெச்சு ஃபேன் போட்டுக்கோங்க. கம்பி வாங்கும்போது காட்மியம் இல்லாததான்னு கேட்டு வாங்குங்க. விலை குறைவா இருக்குன்னு காட்மியம் கலந்ததை எடுத்தா அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

இனி வேலை. லக்குக்கும் குழாய்க்கும் நடுவுல இடைவெளி 0.05-லிருந்து 0.1 மி.மீ. இருக்கணும். இறுக்கித் தட்டி ஏத்துற மாதிரி இருந்தா வெள்ளி உள்ளே போகாது. ஆடுற மாதிரி இருந்தாலும் நிக்காது, வெள்ளி பள்ளத்தை நிரப்புற சரக்கு இல்லை. அதனாலதான் டிராப்அவுட் (ஆக்சில் உக்காருற தகடு) மாதிரி இடைவெளி பெருசா இருக்கிற இடத்துல பித்தளை வெக்கிறது. அது 870, 900 டிகிரி கேக்கும். ஆகவே ஒரு ஸ்டேயில பித்தளை வேலை இருந்தா அதை முதல்ல முடிச்சிரணும். வெள்ளி வெச்ச இடத்துக்குப் பக்கத்துல அப்புறம் பித்தளை ஊதினா, வெள்ளி திரும்ப உருகி வெளியே வந்துரும். ஒரு தடவை வெள்ளி பட்ட ஜாயிண்ட்ல பித்தளை சரியாப் பிடிக்கவும் பிடிக்காது.

குழாய் முனையை அடுத்த குழாயோட வளைவுக்குப் பொருந்துற மாதிரி அரை வட்ட அரத்துல வாய் எடுக்கணும். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா கீறல் தெரியக் கூடாது. லக் மறைச்சிரும்னு இதுல ஏமாத்தாதீங்க. 80 நம்பர் எமரியில உள்ளேயும் வெளியேயும் பளபளன்னு தேச்சு, அசிட்டோன்ல துடைச்சு, அப்புறம் கை படக் கூடாது.

டாப் டியூப், டவுன் டியூப், ஸ்டே முட்டுற எல்லா இடத்துலயும் 3 மி.மீ. காத்து ஓட்டை போட்டுருங்க. புதுசாச் செய்யறவங்க மறக்கிறது இதைத்தான். ரெண்டு பக்கமும் அடைச்ச குழாய்க்குள்ள சூடான காத்து வழி தேடி, நீங்க வெச்ச வெள்ளியையே துளைச்சுக்கிட்டு வெளியே வரும். ஊசி ஓட்டை விழும், எத்தனை தடவை பூசினாலும் அடையாது.

தீயை முதல்ல லக் மேல, பிபி ஷெல் மேல காட்டுங்க, அதுதான் கனம். மெலிசான குழாய் தானா சூடேறும். பேஸ்ட் முதல்ல வெள்ளையாப் பொங்கும், அப்புறம் கண்ணாடி மாதிரி தெளியும். தெளிஞ்சதும் லேசான மங்கின சிவப்புல கம்பியை ஒரு ஓரத்துல தொடுங்க. வெள்ளி எப்பவும் சூட்டைத் தேடித்தான் ஓடும். தீயை எதிர்ப்பக்கம் நகர்த்தி இழுத்தா, அந்த ஓரத்துல வெள்ளிக் கோடு ஒண்ணு வரும். அது முழுச்சுத்தும் வந்தாத்தான் ஜாயிண்ட் முடிஞ்சதுன்னு அர்த்தம். ஆரஞ்சு நிறம் வந்தா சூடு மிஞ்சிருச்சு. ஃபிளக்ஸ் கறுத்தா அதுக்கு மேல ஊதாதீங்க. ஆறவிட்டு, கழுவி, புது பேஸ்ட் போட்டு ஆரம்பிங்க. ஆறுறது தானா ஆறணும், தண்ணி ஊத்தக் கூடாது. முழுசா ஆறினப்புறம் வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறப்போட்டா ஃபிளக்ஸ் கரைஞ்சு வந்துரும்.

வரிசை: முதல்ல சீட் டியூபை பிபி ஷெல்லுக்கு, ஷெல் முகத்துக்கு 90 டிகிரி இருக்கான்னு பார்த்து. அடுத்து ஹெட் டியூபும் டவுன் டியூபும். அப்புறம் டாப் டியூப் வெச்சு முக்கோணத்தை மூடறது. செயின்ஸ்டே அதுக்கப்புறம். சீட்ஸ்டே கடைசியில, நேரான சக்கரம் ஒண்ணை மாட்டிப் பார்த்துட்டு. ஹெட் டியூபிலிருந்து ரெண்டு டிராப்அவுட்டுக்கும் நூல் கட்டி, சீட் டியூபுக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி அளந்தா கோணல் தெரிஞ்சிரும். ஒரு மி.மீ.க்குள்ள இருந்தா நல்ல வேலை.

நேரா 525-ல ஆரம்பிக்காதீங்க. 28.6 விட்டம், 1.6 மி.மீ. சுவர் இருக்கிற சாதாரண ஈஆர்டபிள்யூ (நீளவாக்குல வெல்டிங் போட்ட) குழாய் வாங்கி ஆறேழு ஜாயிண்ட் ஊதுங்க. மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல கனக்கும், ஃபிரேமுக்கு ஆகாது, பழகறதுக்கு நல்லது. ஊதினதை நீளவாக்குல ரம்பத்துல அறுத்துப் பாருங்க. வெள்ளி போகாத இடம் கறுப்புத் திட்டா அப்படியே தெரியும். வெளியே அழகா இருந்த ஜாயிண்ட்டே உள்ளே பாதி காலியா இருக்கும். (ரெனால்ட்ஸ் ஒரு காலத்துல பிரிட்டனோட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துல இருந்தது. நம்ம டிஐ சைக்கிள்ஸ் 1949-ல ஆரம்பிச்சப்போ கூட்டாளியும் அதே குழுமம்தான். குழாயைப் பொறுத்தவரை ரொம்ப தூரத்துச் சொந்தம் இல்லைங்க.)

ஒரு எச்சரிக்கை மட்டும். கேரியர், மட்கார்டு கம்பி, பை தாங்கி எல்லாம் கையால செய்ங்க, 8 மி.மீ. குழாய்க்குள்ள காஞ்ச மணலை இறுக்கி அடைச்சு வளைச்சா நசுங்காது. ஹேண்டில்பாரும் கிராங்கும் மட்டும் லேத்ல கடைஞ்சு போடற எண்ணம் வேண்டாம். அலுமினியம் சொல்லாமக் கொள்ளாம உடையும்.

முப்பத்தாறுகம்பி:

சக்கரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் ஊர் பழைய ரோட்ஸ்டரில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. இந்த வண்டிக்கு 32, 36 சரி. கடையில் "28 அங்குல டயர்" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். ரோட்ஸ்டரின் 28×1½ உட்காரும் ரிம் விட்டம் 635 மி.மீ., 700சி என்பது 622. ஏறவே ஏறாது.

கம்பி நீளத்தை யாரிடமும் கேட்காதீர்கள், கணக்குப் போடுங்கள். ரிம்மின் ஈஆர்டி-யை (எதிரெதிர் கம்பி முனைகளுக்கு இடையிலான விட்டம்) அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், இரண்டு பழைய கம்பியில் நிப்பிள் (கம்பியை ரிம்மில் முடுக்கும் குட்டி நட்டு) மாட்டி எதிரெதிர் துளைகளில் விட்டு நீங்களே அளங்கள். நீளத்தின் வர்க்கம் = ரிம் ஆர (ஈஆர்டி-யில் பாதி) வர்க்கம் + ஃபிளாஞ்ச் (ஹப்பில் கம்பி மாட்டும் வட்டத் தகடு) துளை வட்ட ஆர வர்க்கம் + மையத்திலிருந்து ஃபிளாஞ்ச் தூர வர்க்கம் − (2 × இரண்டு ஆரங்களின் பெருக்கல் × கோணத்தின் கோசைன்). 36 கம்பி, மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடப்பது) என்றால் கோணம் 60 டிகிரி, கோசைன் 0.5. வர்க்கமூலம் எடுத்து, துளை விட்டத்தில் பாதியைக் கழிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஈஆர்டி 602, துளை வட்டம் 58, ஃபிளாஞ்ச் தூரம் இடது 36, வலது 20, துளை 2.6 மி.மீ. என்று வையுங்கள். இடது 288.5, வலது 287.0 வரும். ஹப் மாறினால் எல்லாமே மாறும்.

2.0/1.8/2.0 பட்டட் கம்பி, பித்தளை நிப்பிள். மரையில் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு. எல்லா நிப்பிளையும் கம்பியின் மரை மறையும் வரை சமமாக முடுக்கிவிட்டு, அதன்பின் அரைச் சுற்றாக மட்டும் போங்கள். முதலில் ஏற்ற இறக்கம், அடுத்து பக்கவாட்டுப் பெண்டு, பிறகு ரிம் நடுவில் நிற்கிறதா என்பது. மூன்றையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். பெண்டை முழுக்க எடுத்துவிட்டு ஏற்ற இறக்கத்துக்கு வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

வலது பக்கம் 110–120 கிலோ இழுவிசை வந்தால் இடது அதில் 55, 60 சதவீதம்தான் வரும். மேலே சொன்ன 20-க்கும் 36-க்கும் உள்ள விகிதம் அது. இடது தளர்வாக இருக்கிறதே என்று அதையும் ஏற்றினால் ரிம் இடப்பக்கம் போய்விடும். பலர் பயப்படுவதற்கு நேர் எதிராக, கம்பி பெரும்பாலும் இறுக்கத்தால் உடைவதில்லை. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி, ஃபிளாஞ்ச் வளைவில் களைத்துப்போய் உடைகிறது.

இறுக்கும்போது கம்பி தானும் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கால் சுற்று கூடுதலாகப் போய்க் கால் சுற்று திரும்புங்கள். கடைசியில் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையுறை போட்டு நன்றாக நெரியுங்கள். அதன்பின் மறுபடி பெண்டு பாருங்கள். இதைச் செய்யாத சக்கரம் முதல் நாள் சவாரியில் "டிங் டிங்" என்று சத்தம் போட்டுக்கொண்டே கோணும்.

சீட்டுக்கு ஒரு வரி: பி17-ன் தண்டவாளம் குட்டை, பின்னால் அவ்வளவாகத் தள்ள முடியாது. 25–30 மி.மீ. பின்வாங்கிய சீட்போஸ்ட் வாங்குங்கள்.

நொய்யல்சவாரி:

எல்லோருக்கும் நன்றி. ஹப் ஆர்டரை நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: பழைய இத்தாலியச் சதுர டேப்பர் (முனை சதுரமாகச் சரிந்த அச்சில் ஏறும்) கிராங்க் ஒன்று கைவசம் இருக்கிறது, 111 மி.மீ. ஸ்பிண்டிலுக்கானது. அதை ஷிமானோ கார்ட்ரிட்ஜ் பிபியோடு போடலாமா? ஷெல் இத்தாலிய மரையா, பிஎஸ்ஏ (ஆங்கிலேய) மரையா?

அளவுகோல்:

ஷெல் பிஎஸ்ஏ, 68 மி.மீ. அகலம், 1.37 அங்குலம் × 24 மரை. வலது பக்கம் இடமரை, அதனால் மிதிக்க மிதிக்கக் கழலாது. இத்தாலியன் 70 மி.மீ., இரு பக்கமும் வலமரை. வலது கப் தளர்வது அதன் பிறவிக்குணம்.

கிராங்க் ஐஎஸ்ஓ (சர்வதேசத் தரம்) டேப்பர், ஷிமானோ ஸ்பிண்டில் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்). சரிவு இரண்டிலும் 2 டிகிரிதான், ஆனால் ஐஎஸ்ஓ முனை மெலிது. அதனால் உங்கள் கிராங்க் ஜேஐஎஸ் ஸ்பிண்டிலில் பக்கத்துக்கு 4.5 மி.மீ. வெளியே நின்றுவிடும். 111-க்குப் பதில் 102 வேண்டியிருக்கும், கடையில் 103 கிடைக்கும், செயின்லைன் (ஃபிரேம் நடுவிலிருந்து செயின் ஓடும் கோட்டுக்கு உள்ள தூரம்) 43.5 மி.மீ.-க்கு அருகில் வரும். ஆனாலும் பிடிமானம் குறைவு. ஐஎஸ்ஓ கார்ட்ரிட்ஜ் தேடி வாங்குவதே மேல்.

பவுடர் கோட்டிங் 200 டிகிரி வரை போகும், வெள்ளி ஜாயிண்ட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பிபி மரை, ஹெட் டியூப் வாய், டிராப்அவுட் முகம் மூன்றையும் மூடிக் கொடுங்கள். அதற்கு முன்பே மரைக்கு டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டி, ஷெல் முகத்தைச் சமன்செய்து, சீட் டியூபில் 27.2 ரீமர் விட்டுப் பார்த்துவிடுங்கள். சூட்டில் ஷெல் கொஞ்சமாவது கோணியிருக்கும்.