21ஆம் தேதி கல்யாணம், ராஜா வருவானா?

குழு: ஆச்சி வீட்டுச் சொந்தங்கள், தூத்துக்குடி
8 ஜனவரி 2024, திங்கள்

தங்கம் (மாலை 6:12): மாலத்தீவுக்கு விமானமே கிடையாதாமே? பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கே வேலை செய்கிற ராஜா காலையிலிருந்து போன் எடுக்கவில்லை. 21ஆம் தேதி தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட மச்சினன் வேண்டாமா?

குமார்: ஆமாம் அத்தை. புக்கிங் நிறுத்தியாச்சு. எல்லா குரூப்பிலும் ஓடுகிறது.

ஜெயந்தி: ஐயோ

வேலாயுதம்: தங்கம், பதறாதே. நிறுத்தியது ஈஸ்மைட்ரிப் என்ற ஒரே ஒரு தளம். அதுவும் டிக்கெட் விற்பதைத்தான். விமானம் வழக்கம்போல் பறக்கிறது.

சண்முகம்: வெள்ளத்தில் நனைந்த பத்திரிகையைத் திரும்ப அடிக்கக் கொடுத்தாச்சா? இந்தத் தடவையாவது தாய்மாமன் என்று என் பெயர் வருமா?

தங்கம்: அண்ணே, அது அப்புறம்

வேலாயுதம்: நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 4ஆம் தேதி பிரதமர் லட்சத்தீவில் எடுத்த படங்களை எக்ஸ் தளத்தில் போட்டார். மாலத்தீவு என்ற சொல்லே அதில் இல்லை. நம் ஆட்கள் ‘இனி மாலத்தீவு எதற்கு’ என்று எழுத ஆரம்பித்தார்கள். உடனே அங்கே மூன்று துணை அமைச்சர்கள் பிரதமரைத் தரக்குறைவாக எழுதினார்கள். ஒருவர் கோமாளி என்றே எழுதினார். பிறகு அழித்தார்கள். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் ஊர் சுற்றிவிட்டது.

ஜெயந்தி: படித்தவர்கள்தானே 😡

வேலாயுதம்: மாலத்தீவு அரசு ‘அது அவர்கள் சொந்தக் கருத்து’ என்றது. நேற்று மூவரையும் சஸ்பெண்ட் செய்தது. இன்று டெல்லியில் அவர்கள் தூதரை அழைத்து நம் கண்டனத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நான் துறைமுக ஆபீசில் 31 வருஷம் இருந்தவன். வெளியே ஒரு கடிதம் போவதென்றால் நாலு மேஜை தாண்ட வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் யாராவது ஒரு சொல்லையாவது சிவப்பு மையில் அடிப்பார்கள். அமைச்சர் கையிலுள்ள போனுக்கு அந்த மேஜைகள் கிடையாது. நாற்காலியில் இருக்கும்வரை அவர் எழுதுவது அந்த நாடு பேசியதாகத்தான் படிக்கப்படும். சொந்தக் கருத்து என்றால் யார் கேட்பார்கள்?

குமார்: அவர்கள் அதிபர் இன்று சீனாவில் இருக்கிறார் பெரியப்பா. போன வருஷம் ‘இந்தியாவே வெளியேறு’ என்று சொல்லித்தானே ஜெயித்தார். நாம் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

வேலாயுதம்: கோபம் எனக்கும் உண்டு குமார். ஆனால் அங்கேயே முன்னாள் அதிபர்கள் சோலியும் நஷீதும் அந்தப் பதிவுகளைக் கண்டித்தார்கள். அது எந்த குரூப்பிலாவது வந்ததா? 2014 டிசம்பரில் அவர்கள் தலைநகர் மாலேயின் குடிநீர் ஆலை தீப்பிடித்தபோது விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியவர்கள் நாம். பத்து வருஷம் சேர்த்த நல்ல பெயர் நாலு நாளில் கரைகிறது.

சண்முகம்: பழைய துறைமுகத்தில் மாலேக்குப் போகிற தோணி காய்கறி ஏற்றிக்கொண்டுதான் நிற்கிறது. காலையில் பார்த்தேன். அங்கே ஒருத்தனும் சண்டை போடவில்லை.

கவிதா: அம்மா, அண்ணன் ஆன்லைன்!!

ராஜா (7:40): அம்மா, ஷிப்டில் இருந்தேன், போன் லாக்கரில். விமானம் ஓடுகிறது. 18ஆம் தேதி திருவனந்தபுரம் டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். லீவுக்குத்தான் இன்னும் கையெழுத்து ஆகவில்லை.

தங்கம்: முருகா 🙏 சாப்பிட்டாயா?

ராஜா: ஆச்சு. இங்கே இரண்டு இந்தியக் குடும்பங்கள் அறையை ரத்து செய்துவிட்டார்கள். பெரிய மாமா, போன வருஷம் எந்த நாட்டையும்விட இந்தியாவிலிருந்துதான் அதிகம் பேர் வந்தார்கள், 2 லட்சத்துக்கும் மேல். அவர்கள் வராவிட்டால் முதலில் அடிபடுவது கிச்சனில் நிற்கிற நாங்கள்தான்.

ராஜா: குமார், நேற்று நீ வைத்த ஸ்டேட்டஸை என் அறைப் பையன் என் போனில் பார்த்துவிட்டான். ‘மாலத்தீவைப் புறக்கணிப்போம்’ என்று நீ எழுதினாயே, அதுதான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவனே மொழிபெயர்த்துப் படித்தான். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டான். டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் யாருக்கும் லைன் கிடைக்காமல் நான் தவித்தபோது இரண்டு ராத்திரி என்னோடு விழித்திருந்தவன் அவன்.

ஜெயந்தி: 😢

குமார்: அத்தான், அவரை நினைத்து வைக்கவில்லை

ராஜா: தெரியும்டா

குமார்: எடுத்துவிட்டேன். ஆனால் அந்த அமைச்சர்கள் எழுதியது தப்புதான்.

வேலாயுதம்: தப்புதான். தப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை.

தங்கம்: ராஜா, அந்தப் பையனுக்கும் பத்திரிகை போட்டோ அனுப்பு. லீவு கிடைத்தால் கூட்டிக்கொண்டு வா. வீட்டில் இடம் இருக்கிறது.

ஜெயந்தி: இடமா? கீழ் அறை இன்னும் காயவில்லையே தங்கம்

தங்கம்: மாடியில் படுப்பார்கள் மைனி

ராஜா: கேட்டுப் பார்க்கிறேன்.

ஜெயந்தி: வரும்போது மாசிக் கருவாடு மறக்காதே. போன தடவை எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

வேலாயுதம்: டிக்கெட்டை இன்றே போடு. லீவு வந்த பிறகு என்று காத்திருக்காதே, விலை ஏறிவிடும்.

ராஜா: மேனேஜர் நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார் மாமா

சண்முகம்: பத்திரிகையில் என் பெயர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.