நீதிமுனைப்பு: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

சட்டத்தின் எழுத்தோடு நின்றுவிடாமல், உரிமைகளைக் காக்க நீதிமன்றம் முன்வந்து செயல்படுவதை ஆங்கிலத்தில் 'ஜுடிஷியல் அக்டிவிசம்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'நீதித்துறைச் செயற்பாட்டுவாதம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. 'வாதம்' என்று முடிந்தாலே, நீதியரசர் ஏதோ ஒரு கொள்கைக்குக் கட்சி கட்டித் தீர்ப்பு எழுதுகிறார் என்ற எண்ணம் வந்துவிடும். எமது இலங்கை அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரையோ, அடிப்படை உரிமைகளை மதிக்கவும் காக்கவும் மேம்படுத்தவும் அரசாங்கத்தின் எல்லா அங்கங்களையும் கட்டாயப்படுத்துகிறது. நீதிமன்றமும் அவற்றுள் ஒன்றுதானே!

என் முன்மொழிவு: நீதிமுனைப்பு.

கொழும்புத் தமிழருக்கு இதன் பொருளை விளக்க வேறெங்கும் போகத் தேவையில்லை. 2007 ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். பெட்டியைக் கட்டக்கூடப் பலருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு தாக்கல் செய்த மனுவை ஏற்று, வெளியேற்றத்தைத் தடுத்து உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஒரே நாளில்! அந்த விரைவையும் உறுதியையும் 'செயற்பாட்டுவாதம்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முனைந்து நின்றது நீதிமன்றம், அவ்வளவுதான்.

எப்பாவல பொஸ்பேற் வழக்கும் (2000) இப்படித்தான். அங்கே பொஸ்பேற் தோண்ட வெளிநாட்டு நிறுவனத்துக்கு இடம்கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் மக்கள் தொடுத்த வழக்கு அது. சுற்றாடலுக்கான உரிமை எமது அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியாக இல்லை. ஆனாலும் 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவத்தையும் தொழில் செய்யும் சுதந்திரத்தையும் பற்றிக்கொண்டு, இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டையும் துணைக்கழைத்து, அந்தக் கிராமத்து மக்களுக்கு நீதிமன்றம் நிவாரணம் கொடுத்தது. எழுத்தில் உள்ள உரிமைக்கு உயிர் கொடுக்கும் இந்த வேலையைத்தான் எமது கலைச்சொல் சுட்ட வேண்டும்.

'முனைப்பு' என்றதும் 'தன்முனைப்பு' நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் தயங்கியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே ஆணவப் பொருளைத் தருவது 'தன்' என்ற முன்னொட்டு. 'முனைப்புடன் பணியாற்றினார்' என்று பத்திரிகைகள் பாராட்டாகத்தானே எழுதுகின்றன?

'நீதிமன்றத் தலையீடு' என்ற சொல் வேண்டவே வேண்டாம். அதிகாரத்தில் இருப்பவர்கள் தீர்ப்பு பிடிக்காதபோது சொல்லும் சொல் அது. 2018 டிசம்பர் 13இல், ஜனாதிபதி செய்த நாடாளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்த்தார்கள். அதைத் தலையீடு என்றால், கலைத்தவர் பக்கத்து நியாயத்தை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

நீதிமன்றம் எல்லை தாண்டுவதும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அதற்கு 'நீதி வரம்புமீறல்' என்று தனிச்சொல் இருக்கட்டும். நீதிமன்றம் ஒதுங்கி நிற்பதை 'நீதித் தன்னடக்கம்' எனலாம். மூன்றும் தனித்தனியாக இருந்தால்தான் சட்ட மாணவர் ஒரு தீர்ப்பை எடைபோட முடியும்.

'நீதிமுனைப்பான தீர்ப்பு' என்று பெயரடையாக வரும்போது சற்று நெருடுகிறது. 'முனைப்புத் தீர்ப்பு' எனச் சுருக்கலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.