அலுவலகம் கழித்த மடிக்கணினிகளை விற்கிறேன்: விண்டோஸ் உரிமம் கூடவே போகுமா?

கேட்டவர்:
வணக்கம். ஓர் அலுவலகம் கழித்த 14 மடிக்கணினிகளை வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றிலும் நிறுவனங்களுக்கான பதிப்பான விண்டோஸ் 10 என்டர்பிரைஸ் இருக்கிறது. ஆக்டிவேட் ஆகியிருப்பதாகவே திரை காட்டுகிறது. ஆனால் உரிமத்தின் நிலையைக் காட்டும் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். கட்டளை கொடுத்துப் பார்த்தால், 160 நாளில் காலாவதி என்கிறது. வாங்கியவர் ஆறு மாதம் கழித்து வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன்? இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கீயை, அதாவது உரிமக் குறியீட்டை, போட்டுவிடலாமா? ஆஃபீஸ் தொகுப்பும் இருக்கிறது. அதை அப்படியே விடலாமா?

மறுமொழி 1:
விற்பதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லது. அது வால்யூம் உரிமம், அதாவது ஒரு நிறுவனம் தன் கணினிகளுக்கு மொத்தமாக வாங்குவது. அந்த உரிமத்தைச் சரிபார்க்கும் அலுவலகத்தின் கே.எம்.எஸ். சர்வரோடு கணினி தொடர்பு கொள்ளும்போதெல்லாம் 180 நாள் கெடு புதுப்பிக்கப்படும். தொடர்பு அறுந்தால் கெடு கரையத் தொடங்கும். அந்த உரிமம் அலுவலகத்துக்கு உரியது, பெட்டியோடு வராது. ஆஃபீஸும் அப்படித்தான், நீக்கிவிடுங்கள்.

ஆனால் விண்டோஸுக்கான வால்யூம் உரிமம் மேம்படுத்தல் உரிமம் மட்டுமே. அதற்கு அடியில் மடிக்கணினியின் தயாரிப்பாளர் அதோடு சேர்த்தே தந்த ஓ.இ.எம். உரிமம் இருந்திருக்க வேண்டும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அதன் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (அதன் சிப்பில் உள்ள நிரந்தர மென்பொருளிலேயே) பதிந்து வருகிறது. வட்டை முழுதாக அழித்துவிட்டு, அந்தக் கீ எந்தப் பதிப்புக்கு உரியதோ, ஹோம் பதிப்போ புரோ பதிப்போ, அதையே நிறுவி இணையத்தோடு இணையுங்கள். தானாக ஆக்டிவேட் ஆகும். மறுபடியும் என்டர்பிரைஸை நிறுவிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மலிவுக் கீ வேண்டவே வேண்டாம். அவற்றில் பல, எங்கோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீயிலிருந்து கசிந்தவை. பின்னால் முடக்கப்பட்டால், உங்களை நம்பி வாங்கியவர்தான் ஏமாந்து நிற்பார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. புரோ நிறுவியதும் 12 கணினிகள் உடனே ஆக்டிவேட் ஆகிவிட்டன. இரண்டு மிச்சம். ஒன்றில் ஃபர்ம்வேர் கீயே இல்லை. மதர்போர்டை மாற்றியிருப்பார்கள் போலிருக்கிறது. இன்னொன்று, எத்தனை முறை நிறுவினாலும் பழைய அலுவலகத்தின் பெயரைக் காட்டி, அவர்களுடைய கணக்கில் நுழையச் சொல்கிறது.

மறுமொழி 2:
இரண்டாவது, ஆட்டோபைலட் பதிவு, அதாவது கணினியை ஒரு நிறுவனத்தோடு இணைத்துவைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஏற்பாடு. அந்த வன்பொருளின் அடையாளம் மைக்ரோசாஃப்ட்டிடம் அலுவலகத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. வட்டை அழித்தாலும் மாற்றினாலும் போகாது. வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, பதிவை நீக்கித் தரும்படி அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு எழுதுங்கள். இணையத்தைத் துண்டித்து நிறுவும் குறுக்குவழியை யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வாங்கியவர் என்றைக்காவது மீண்டும் நிறுவும்போது அதே திரை வந்து நிற்கும்.

கீ இல்லாததற்குப் புது உரிமம் வாங்குங்கள், அல்லது லினக்ஸ் நிறுவி, ‘விண்டோஸ் உரிமம் இல்லை’ என்று ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஒவ்வொன்றிலும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இருக்கிறதா, பிராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10 புரோவின் உரிமமே 11 புரோவுக்கும் செல்லும்.

கேட்டவர்:
அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். பதிவு நீங்கும்வரை அந்த ஒன்றை விற்கமாட்டேன்.