கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்தும் இணையத்தில் இன்னும் கூடலூர் ஊழியர்: விடுப்பு நிற்கிறது

கட்டபெட்டுவாசி:
பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தர். கூடலூர் கிளையிலிருந்து கோத்தகிரிக்கு வந்து சம்பளமும் வாங்கிவிட்டேன். பணியாளர் தளத்தைத் திறந்தால் ‘பணியிடம்’ என்ற கட்டத்தில் இன்னமும் கூடலூர். விடுப்பு கேட்டால், அனுமதி அளிப்பவராகப் பழைய மேலாளரின் பெயர் வருகிறது. அவரோ ஓய்வுபெற்றுவிட்டார்! விண்ணப்பம் ‘நிலுவை’ என்று மஞ்சள் நிறத்தில் கிடக்கிறது. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்குகிறது. ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராததால் வங்கி திறந்துதான் இருக்கும். இங்குள்ள மேலாளர் அனுமதி தரத் தயார், ஆனால் அவர் திரையில் என் பெயரே இல்லை. காகிதத்தில் எழுதித் தந்தால் மண்டல அலுவலகம் தொடவும் மறுக்கிறது. தொழில்நுட்ப உதவிப் பிரிவில் புகார் பதிந்தேன். ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். எதைத் தீர்த்தார்களோ!

குன்னூர் ரயிலடி:
உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு மறுபடி நுழைந்து பாருங்கள்.

கட்டபெட்டுவாசி:
அழித்தாயிற்று. கைப்பேசிச் செயலியிலும் கூடலூர்தான்.

பழைய மனிதவளத்தான்:
தம்பி, இது கணினிக் கோளாறு இல்லை. மாற்றலுக்கு இரண்டு பதிவுகள் வேண்டும்: பழைய கிளை உங்களை விடுவித்த நாளைப் பதிய வேண்டும், புதிய கிளை சேர்ந்த நாளைப் பதிய வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதைத் தளம் ஏற்காது. விடுவிப்புக் கடிதம் உங்கள் கையில் இருக்கும், பதிவு விட்டுப்போயிருக்கும். மேலாளர் ஓய்வுபெறும் நேரத்தில் இது சகஜம். உதவிப் பிரிவால் கடவுச்சொல்லை மாற்றித் தர முடியும், பணியிடத்தை மாற்ற முடியாது. கூடலூரின் இப்போதைய மேலாளரைக் கூப்பிட்டு, விடுவிப்பை முன்தேதியிட்டுப் பதியச் சொல்லுங்கள். முன்தேதி என்பதால் மண்டல மனிதவளப் பிரிவின் ஒப்புதல் தேவைப்படும். கடிதத்தின் நகலை இணைக்கச் சொல்லுங்கள்.

சம்பளச் சீட்டையும் பாருங்கள். மலை ஊர்களில் வேலை செய்வோருக்குச் சம்பளத்தோடு தரும் மலைப்படி, ஊரின் உயரத்தைப் பொறுத்தது. 1,000 மீட்டரிலிருந்து 1,500க்குள் ஒரு விகிதம், 1,500க்கு மேல் 3,000 வரை அதைவிடக் கூடுதல். கூடலூர் முதல் வகை, கோத்தகிரி இரண்டாவது. தளம் உங்களைக் கீழேயே வைத்திருக்கும்வரை குறைந்த படிதான் வரும். பதிவு சரியானால் நிலுவைத் தொகை வர வேண்டும். வராவிட்டால் விடாதீர்கள்.

லவ்டேல் கணக்கர்:
அண்ணா சொன்னதோடு ஒன்று. பழைய வரி முறையில் இருந்தால், மலைப்படியில் ஒரு சிறு தொகைக்கு வருமானவரி விலக்கு உண்டு. புதிய முறையில் அந்தச் சில்லறையும் கிடையாது.

கட்டபெட்டுவாசி:
சீட்டைப் பார்த்தேன், படி குறைவாகத்தான் இருக்கிறது. கூடலூர் மேலாளர் பதிந்துவிட்டார், மண்டலமும் ஒப்புதல் தந்துவிட்டது. இப்போது பணியிடம் கோத்தகிரி! அதே நாட்களுக்குப் புதிதாக விடுப்பு போட்டேன், உடனே அனுமதி கிடைத்தது. ஆனால் பழைய விண்ணப்பம் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. விட்டுவிடலாமா?

பழைய மனிதவளத்தான்:
விடாதீர்கள், இன்றே திரும்பப் பெறுங்கள். யாராவது மொத்தமாக நிலுவைகளுக்கு ஒப்புதல் தட்டினால் தற்செயல் விடுப்பு இரண்டு முறை கழிந்துவிடும். ‘திரும்பப் பெறு’ பொத்தான் விடுப்பு வரலாற்றுப் பக்கத்தின் அடியில் இருக்கும்.