அவசரம்: வெளிநாட்டுச் சட்டத்தை ஆன்லைனில் எங்கே தேடுவது?

மேலூர்_ஜூனியர்:
வணக்கம். மதுரையில் ஜூனியராக இருக்கிறேன். ஒரு வாரிசுரிமை விஷயம் வந்திருக்கிறது. வெளிநாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்து வைக்கும்படி சீனியர் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை கட்சிக்காரர் வருகிறார். கூகுளில் தேடினால் அங்குள்ள வக்கீல் ஆபீஸ்களின் விளம்பரப் பக்கங்கள்தான் வருகின்றன, அவற்றிலும் மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்ற கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. காசு கட்டாமல் பார்க்க நல்ல தளம் இருந்தால் சொல்லுங்கள்.

வைகை_வடகரை:
எந்த நாடு என்று சொல்லவே இல்லையே தம்பி.

திருமங்கலத்தான்:
எந்த நாடாக இருந்தாலும் வேர்ல்ட்எல்ஐஐ (பல நாட்டுச் சட்டங்களும் தீர்ப்புகளும் இருக்கிற இணையதளம்) போதும். சட்டத்தை இப்படி இலவசமாக இணையத்தில் போடும் வேலை கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1992-ல் ஆரம்பித்தது, அப்புறம் 1995-ல் ஆஸ்திரேலியாவில் ஆஸ்ட்எல்ஐஐ, 2000-ல் பிரிட்டனுக்கு பெய்லி, இப்போது கனடா, ஹாங்காங், தென்னாப்பிரிக்கா என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியே இருக்கிறது. காமன்வெல்த் நாடு என்றால் காமன்எல்ஐஐ. எல்லாம் இலவசம். நான் வேறெங்கும் போவதில்லை.

ஒத்தக்கடை_சீனியர்:
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நூலகப் படி ஏறவே மனசு வருவதில்லை. வாரிசுரிமை என்று கேட்கிறீர்கள். வீடா, பணமா, இறந்தவருடைய டொமிசைல் (சட்டப்படி நிரந்தர இருப்பிடம்) எது, உயில் உண்டா? இதெல்லாம் இல்லாமல் தளத்தின் பெயரை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? அப்புறம் இன்னொன்று. வெளிநாட்டுச் சட்டம் நம் கோர்ட்டில் சட்டம் அல்ல, சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டிய சங்கதி. நெட்டில் இறக்கிய தாளை நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

சட்டக்கல்லூரி_யாழினி:
சார், நீங்கள் சொன்ன கடைசி வரி மட்டும் இப்போது அப்படியே பொருந்தாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 32-வது பிரிவைப் பாருங்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 38-வது பிரிவுதான், ஆனால் அந்த நாட்டு அரசின் அதிகாரத்தில் வெளியான சட்டப் புத்தகம் மின்னணு வடிவில் இருந்தாலும் செல்லும் என்று சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தந்த அரசின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்கிறேன். நிபுணர் கருத்து வேண்டுமென்றால் பழைய 45-வது பிரிவு, இப்போது 39.

மேலூர்_ஜூனியர்:
மலேசியா. ஈப்போவில் ஒரு வீடு, பேங்க்கில் பணம், இபிஎஃப் (அங்குள்ள தொழிலாளர் சேமநிதி). உயில் இல்லை. கட்சிக்காரர் மேலூர் பக்கம், இறந்தவரின் மகன்.

வைகை_வடகரை:
எப்போது இறந்தார்? இந்து தானே?

சட்டக்கல்லூரி_யாழினி:
மலேசியா என்றால் வேலை சுலபம். அந்நாட்டு அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் கூட்டாட்சிச் சட்டத் தளத்துக்குப் போங்கள். பெயரைப் போட்டுத் தேடினால் மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து வந்து குழப்பும், எண்ணைப் போடுங்கள். சொத்துப் பங்கீட்டுச் சட்டம் 1958 என்பது ஆக்ட் 300. புரொபேட் சட்டம் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க கோர்ட் ஆணை வாங்குவது பற்றியது) 1959 ஆக்ட் 97. ஆக்ட் 300 முஸ்லிம்களுக்குப் பொருந்தாது, சபா மாநிலத்துக்கும் பொருந்தாது. நான்காவது பிரிவை முதலில் படியுங்கள். ஈப்போ வீடு, அவர் எங்கே டொமிசைலாக இருந்தாலும், இந்தச் சட்டப்படிதான் பிரியும். பேங்க் பணம் போன்ற அசையும் சொத்து அவர் டொமிசைல் எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டப்படி. கடைசிவரை அவருடைய டொமிசைல் மேலூர்தான் என்று ஆகிவிட்டால் அந்தப் பணத்துக்கு நம் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும். ஒரே ஆள், இரண்டு கணக்கு. இபிஎஃப் நாமினிக்கு அங்கே தனி விதி, இங்குள்ள பழக்கத்தை வைத்து எழுதிவிட வேண்டாம்.

ஒத்தக்கடை_சீனியர்:
இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன்.

உசிலை_பாண்டி:
ஏஐ-யிடம் கேட்டுப் பார்த்தேன். மனைவிக்குக் கால்பங்கு என்று சொல்லி நான்கு மலேசியத் தீர்ப்புகளும் கொடுத்திருக்கிறது. வேண்டுமென்றால் அப்படியே போடுகிறேன்.

சட்டக்கல்லூரி_யாழினி:
போட வேண்டாம் அண்ணே. நான்கையும் மலேசிய நீதித்துறையின் தளத்தில் தேடிப் பார்த்து, முழுத் தீர்ப்பு கிடைத்தால் மட்டும் போடுங்கள். 2023-ல் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் இல்லாத தீர்ப்புகளை மனுவில் காட்டியதற்கு வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நம்மை நம்பி நிலத்தை விற்றுச் செலவு செய்கிற ஆட்கள் இவர்கள்.

கே.கே.நகர்_நோட்டரி:
மலேசியத் தீர்ப்புகளை வெளியிடும் மலாயன் லா ஜர்னல், கரண்ட் லா ஜர்னல் இரண்டும் காசு கட்டித்தான் பார்க்க வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போடுவார்கள், சேர்த்துவிடவா?

திருமங்கலத்தான்:
அது திருட்டு. செய்யாதீர்கள்.

கே.கே.நகர்_நோட்டரி:
கோர்ட் தீர்ப்பில் என்ன திருட்டு? ஜனங்களுடைய வரிப்பணத்தில் எழுதியது.

திருமங்கலத்தான்:
தீர்ப்பின் மூல வாசகம் யாருக்கும் சொந்தமில்லை, சரி. தீர்ப்பின் மேலே வரும் சுருக்கமான தலைக்குறிப்பு பத்திரிகைக்காரன் உட்கார்ந்து எழுதியது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் 2007-லேயே சுப்ரீம் கோர்ட் இதைப் பிரித்துச் சொல்லிவிட்டது. பாரா எண் போட்டுக் கோத்த உழைப்புக்குக்கூட உரிமை உண்டு என்றார்கள்.

கே.கே.நகர்_நோட்டரி:
அது இந்தியத் தீர்ப்பு, நீங்கள் பேசுவது மலேசியப் பத்திரிகை. அதோடு அந்தச் சந்தா கட்டுகிற வருமானம் தாலுகா கோர்ட் ஜூனியருக்கு எங்கே இருக்கிறது? மாதாமாதம் சீனியர் கொடுப்பது பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடுகிறது. பெரிய ஆபீசுக்கு மட்டும் சட்டம் தெரிந்தால் போதுமா?

ஒத்தக்கடை_சீனியர்:
நாங்களும் அதே நிலையில் இருந்து வந்தவர்கள்தான். கையால் எழுதி எடுத்தோம்.

வைகை_வடகரை:
சண்டை போதும், தம்பி கேட்டதற்கு வருவோம். கணக்கு ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆக்ட் 300-ஐ 1997-ல் திருத்தினார்கள், ஆகஸ்ட் 31 முதல் அமல். அதற்கு முன் மனைவி உயில் இல்லாமல் இறந்தால் முழுச் சொத்தும் கணவனுக்கு, கணவன் இறந்தால் மனைவிக்கு அப்படி இல்லை. திருத்தத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே கணக்கு. துணையும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு துணைக்கு, மீதி பிள்ளைகளுக்கு. பெற்றோரும் உயிரோடு இருந்தால் துணைக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். நீங்கள் பார்த்த பக்கங்களில் சில பழசாக இருக்கும், சில பெற்றோர் இருப்பதாக வைத்து எழுதியிருக்கும். ஆகவே இறந்த தேதி தெரியாமல் எந்தத் தளமும் உதவாது. அந்தத் தேதியில் சட்டம் எப்படி இருந்ததோ அதுதான் வேண்டும். சிங்கப்பூர் அரசின் சட்டத் தளத்திலும் பிரிட்டனுடையதிலும் தேதி கொடுத்தால் அன்றைய வடிவம் வரும். மலேசியாவுக்குத் திருத்தச் சட்டத்தையும் தனியாக எடுத்து, மூலத்தோடு வைத்துப் படிப்பதுதான் நம்பகம். காமன்எல்ஐஐ-யில் தீர்ப்பு தேடினால், எந்த ஆண்டு வரை ஏற்றியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

மேலூர்_ஜூனியர்:
1996-ஆ 1998-ஆ என்று மகனுக்கே சரியாகத் தெரியவில்லை. அவருடைய அப்பத்தா, அதாவது இறந்தவரின் அம்மா, அப்போது இருந்தாராம். அங்கே இன்னொரு குடும்பம் இருந்ததாகவும் ஊரில் சொல்கிறார்கள்.

சட்டக்கல்லூரி_யாழினி:
இதைத்தான் முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்! 1996-ஆ 1998-ஆ என்பதில் அப்பத்தாவின் பங்கே மாறிப்போகும். அங்கே நடந்த கல்யாணம் எப்போது என்றும் கேளுங்கள். மலேசியாவின் 1976 திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ல்தான் அமலுக்கு வந்தது, அதற்கு முன் நடந்ததா பின் நடந்ததா என்பது பெரிய வித்தியாசம். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை இறந்தவருடைய தனிநபர் சட்டம் (அவருடைய மதம், சமூகத்துக்கான குடும்பச் சட்டம்) அனுமதித்திருந்தால் மனைவியின் பங்கை அவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ள ஆக்ட் 300-லேயே வழி இருக்கிறது.

கே.கே.நகர்_நோட்டரி:
தாசில்தார் கொடுக்கும் வாரிசு சான்றிதழோடு விமானம் ஏறிவிடாதீர்கள். இங்கே கோர்ட்டில் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் (உயில் இல்லாதவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகார ஆணை) வாங்கினால், ஆக்ட் 97-ன் 52-வது பிரிவில் காமன்வெல்த் நாட்டு ஆணைக்கு அங்குள்ள ஹைகோர்ட்டில் மறுமுத்திரை (அந்த ஆணை அங்கேயும் செல்லும்படி போடும் முத்திரை) கேட்கலாம். அதற்கு எப்படியும் மலேசிய வக்கீல் ஒருவர் வேண்டும்.

ஒத்தக்கடை_சீனியர்:
சரியான யோசனை. ஆனால் இறப்புச் சான்றிதழ் முதலில்.

மேலூர்_ஜூனியர்:
ஆக்ட் 300-ம் திருத்தமும் இறக்கிவிட்டேன், 52-ம் பார்த்தேன். இறப்புச் சான்றிதழுக்கு ஈப்போவில் ஆள் விட்டிருக்கிறார்கள். நன்றி.

புதூர்_செல்வி:
இதே போல இலங்கைக்கு எங்கே பார்ப்பது? யாழ்ப்பாணத்தில் நிலம், தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டம்) பொருந்தும் குடும்பம். ரொம்ப அவசரம்.

வைகை_வடகரை:
எந்த வருஷம் இறந்தார் அம்மா?