டிப்ளமோ + 8 வருட சைட் அனுபவம்: எஃப்எம்பியா, பிஇஇ தேர்வா?

ஹெச்டி_யார்டு:
டிப்ளமோ இஇஇ. ஓஎம்ஆரில் ஒரு ஐடி பார்க்கில் டெக்னிக்கல் எக்ஸிகியூட்டிவ். ஹெச்டி (உயர் அழுத்த மின்சார) பேனல், டிஜி (டீசல் ஜெனரேட்டர்), யூபிஎஸ், சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம்) எல்லாம் என் பொறுப்பு. அடுத்து ஃபெசிலிட்டி மேனேஜர் பக்கம் போகணும். ஒரு கோர்ஸுக்குத்தான் காசு இருக்கு. இஃப்மாவின் (சர்வதேச ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் சங்கம்) எஃப்எம்பி சான்றிதழா, பிஇஇயின் (மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம்) எனர்ஜி மேனேஜர் தேர்வா? இன்னொன்று, லிங்க்ட்இனில் எனக்கு இருப்பதெல்லாம் வெண்டார்கள். மற்ற சைட் ஆட்களோடு பழக்கம் பிடிப்பது எப்படி?

பட்ஜெட்_ஷீட்:
பிஇஇ எழுதுங்க. டிப்ளமோவுக்கு 6 வருட அனுபவம் கேட்பார்கள், உங்களிடம் இருக்கிறது. மூன்று தாள்: பொது, தெர்மல், எலக்ட்ரிக்கல். நாலாவது தாள் எனர்ஜி ஆடிட்டருக்கு மட்டும். உங்களைக் காலை வாரப் போவது இரண்டாவது தாள்தான். பாய்லர், ஸ்டீம், ஃபர்னஸ் எல்லாம் ஐடி பார்க்கில் கண்ணில் படாத சமாச்சாரம். படிக்கிற நேரத்தில் பாதியை அதற்கே வையுங்க. கைடு புத்தகங்கள் இணையத்தில் சும்மாவே கிடைக்கும். அனுபவச் சான்றிதழில் பதவிப் பெயர் மட்டும் போடாமல், மின்சாரம், டீசல் பயன்பாட்டைப் பார்த்துக்கொண்டதாக ஹெச்ஆரிடம் எழுதி வாங்குங்க.

எஃப்எம்பியில் நான்கு பாடம்: ஆபரேஷன்ஸ், புராஜெக்ட், ஃபைனான்ஸ், லீடர்ஷிப். உங்களுக்கு நிஜமாகத் தேவை ஃபைனான்ஸ். கட்டணமோ டாலரில். கம்பெனி பாதி போட்டால் எடுங்க, இல்லாவிட்டால் பிறகு பார்க்கலாம். அதுவரை உங்க மேனேஜர் மாதாமாதம் அனுப்பும் எம்எம்ஆரில் (மாதாந்திர மேனேஜ்மென்ட் ரிப்போர்ட்) பட்ஜெட், செலவு, வித்தியாசம் பக்கத்தை மட்டும் நீங்களே தயார் செய்து தருவதாகக் கேளுங்க. டீசல் ஏன் கூடியது என்று ஒரே வரியில் காரணம் எழுத வருகிறவரைத்தான் அடுத்த நாற்காலிக்குக் கூப்பிடுவார்கள்.

பிளான்ட்ரூம்:
பழக்கத்துக்கு இஷ்ரே (ஏசி, குளிர்பதனப் பொறியாளர் சங்கம்) சென்னைக் கிளையின் டெக்னிக்கல் கூட்டங்களுக்குப் போங்க. ஃபயர் பக்கம் என்றால் எஃப்எஸ்ஏஐ (தீ, பாதுகாப்புத் துறைச் சங்கம்). விசிட்டிங் கார்டு நீட்டினால் யாருக்கும் முகம் நிற்காது. கையில் ஒரு எண்ணோடு போங்க. உதாரணம் சில்லர் கிலோவாட்/டிஆர், அதாவது ஒரு டன் குளிர்ச்சிக்கு (டிஆர்) எத்தனை கிலோவாட் மின்சாரம்:

நீர் ஓட்டம் (மணிக்கு கன மீட்டர்) × உள்ளே வரும், வெளியே போகும் நீரின் வெப்ப வித்தியாசம் (°செ) ÷ 3.024 = டிஆர்

200 × 5 ÷ 3.024 = 331 டிஆர். கம்ப்ரஸர் 230 கிலோவாட் இழுத்தால் 0.69.

இதில் எல்லோரும் சறுக்குவது ஓட்டத்தில். பம்ப் நேம்பிளேட் எண்ணைப் போட்டுவிடுவார்கள். வால்வு த்ராட்டில் ஆகியிருந்தால் (பாதி மூடியிருந்தால்) நிஜ ஓட்டம் அதற்கு ரொம்பக் கீழே, சில்லர் காகிதத்தில் மட்டும் பிரமாதமாக ஓடும். குழாய்க்கு வெளியே மாட்டும் கிளாம்ப்-ஆன் அல்ட்ராசோனிக் மீட்டரில் எடுங்க. தெர்மோவெல்லில் (குழாயில் தெர்மாமீட்டர் செருகும் குழல்) எண்ணெயோ பேஸ்டோ இல்லாவிட்டாலும் ரீடிங் ஏமாற்றும். 5 டிகிரி வித்தியாசத்தில் அரை டிகிரி பிசகினால் டிஆரில் 10% போச்சு. "என் சைட்டில் 0.69, லோடு 70%, உங்களுடையது?" என்று கேட்டுப் பாருங்க, டீ ஆறும்வரை விடமாட்டார்கள்.

ஹெச்டி_யார்டு:
நன்றி சார். பக்கத்து பார்க் ஆட்களிடம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ரேட் கேட்டால் மழுப்புகிறார்களே?

பட்ஜெட்_ஷீட்:
மழுப்பத்தான் செய்வார்கள், ஒப்பந்தத்தில் ரகசிய ஷரத்து இருக்கும். ரேட்டைக் கேட்காதீங்க, ஸ்கோப்பைக் கேளுங்க. காம்ப்ரிஹென்சிவ் (உதிரிபாகமும் சேர்ந்த ஒப்பந்தம்) என்ற பெயரில் எதை விட்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். யூபிஎஸ்ஸில் பேட்டரி, கெபாசிட்டர், ஃபேன். சில்லரில் கேஸ், கம்ப்ரஸர் ஓவர்ஹால், கண்டென்சர் டியூப் டீஸ்கேலிங். லிஃப்டில் ரோப்பும் கன்ட்ரோல் போர்டும். வருடத்தில் எத்தனை பிபிஎம் (திட்டமிட்ட தடுப்புப் பராமரிப்பு) விசிட், பிரேக்டவுனுக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள் வரணும், இதையும் சேர்த்துக் கேளுங்க. உங்க விலக்குப் பட்டியலை முதலில் நீங்க அனுப்பினால் அவர்களுடையது தானாக வரும்.

பிளான்ட்ரூம்:
வாட்ஸ்அப் குரூப்பில் பிஎம்எஸ் (கட்டடக் கருவிகளைக் கண்காணிக்கும் சிஸ்டம்) ஸ்கிரீன்ஷாட் போடும்போது டெனன்ட் பெயர், ஐபி அட்ரஸ், ஃப்ளோர் லேஅவுட் மூன்றையும் வெட்டிவிட்டுப் போடுங்க. கிளையன்ட் செக்யூரிட்டி டீம் கண்ணில் பட்டால் எஸ்கலேஷன் நேரே உங்க மேனேஜருக்குத்தான் போகும்.